தானே நடந்த சிறுவன்: அல்பேனிய இயக்குநர் ஜான்பிசே கேக்கோவின் வாழ்வும் பணியும்

அல்பேனியா என்னும் பெயர் செவியில் விழுந்தவுடன் நம் நினைவுக்கு வருபவர் அன்னை தெரேசா. அவருடைய இனத்தாரின் நாடு அது. அதற்கு மேல் அந்நாட்டைப் பற்றி நாம் அறிந்தது என்ன என்று நம்மையே கேட்டுக்கொண்டால், 1967-ஆம் ஆண்டில் ஆலயங்களையும் மசூதிகளையும் ஒருசேர மூடிவிட்டுத் தன்னை உலகின் முதல் நாத்திக நாடாக அறிவித்துக்கொண்ட நாடு என்ற செய்தியே மிஞ்சும். இரத்தசாட்சிகளின் பூமி என்றே அதனை நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அது பிழையன்று. ஆயினும், மறைப்பணியாளர்கள் சிறையிலும் சுரங்கத்திலும் வதைபட்ட அதே ஆண்டுகளில், அதே நாட்டில், அதே அரசின் ஊதியம் பெற்று, ஒரு பெண்மணி சிறுவர்களுக்காகத் திரைப்படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் படங்களை அந்நாட்டு மக்கள் இன்றும் நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கின்றனர். அவர் பெயர் ஜான்பிசே கேக்கோ. கொடுங்கோன்மையின் நிழலில் பணியாற்றிய ஒரு கலைஞரை நாம் எவ்வாறு மதிப்பிடுவது என்ற வினாவை அவருடைய வாழ்வு நம்முன் வைக்கின்றது. அந்த வினாவின் பொருட்டே இக்கட்டுரையை எழுத முற்படுகின்றோம்.

கல் நகரத்தில் பிறந்தவர்

ஜான்பிசே 1928-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள் தெற்கு அல்பேனியாவில் உள்ள ஜிரோகாஸ்தர் நகரில் பிறந்தார். மலைச்சரிவில் அடுக்கடுக்காக எழுந்து நிற்கும் கல்வீடுகளும், கூரைமேல் ஓடுகளுக்குப் பதிலாகக் கற்பலகைகளும் கொண்ட பழைய நகரம் அது. பின்னாளில் நாற்பதாண்டுக் காலம் நாட்டை இரும்புப் பிடியில் வைத்திருந்த என்வர் ஹோஜா 1908-இல் பிறந்ததும், உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர் இஸ்மாயில் கதாரே 1936-இல் பிறந்ததும் இதே நகரில்தான். சர்வாதிகாரியும் எழுத்தாளரும் இயக்குநரும் ஒரே ஊரின் கற்படிகளில் ஏறி இறங்கி வளர்ந்தவர்கள் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அவருடைய இளமை போர்க்காலத்தில் கழிந்தது. 1939-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, முசோலினியின் படைகள் அல்பேனியாவில் இறங்கின. அப்போது சிறுமிக்கு வயது பதினொன்று. 1943-இல் இத்தாலி வீழ்ந்தபின் செருமானியப் படைகள் வந்தன. 1944 நவம்பரில் அவர்களும் அகன்றபோது அவருக்கு வயது பதினாறு. அந்நியரின் சப்பாத்து ஓசையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. பிற்காலத்தில் அவர் எடுத்த புகழ்பெற்ற படத்தில் அந்தச் சப்பாத்து ஓசையே மீண்டும் கேட்கின்றது.

போர் முடிந்து ஆட்சிக்கு வந்த பொதுவுடைமை அரசு, திரைப்படத்தின் ஆற்றலை நன்கு உணர்ந்திருந்தது. எழுத்தறிவு குன்றியிருந்த ஒரு மலைநாட்டில் ஆயிரம் துண்டறிக்கைகள் செய்யாததை ஒரு படச்சுருள் செய்யும் அன்றோ! இளம் அல்பேனியர் சிலர் திரைத்தொழில் கற்க அயல்நாடுகளுக்கு அனுப்பப்பட்டனர். ஜான்பிசே 1950-களின் தொடக்கத்தில் மாஸ்கோவில் படத்தொகுப்புக் கலையைப் பயின்றார். அல்பேனிய ஆவணப்படத்தின் முன்னோடிகளுள் ஒருவரான எண்ட்ரி கேக்கோ அவருடைய கணவர்.

1952 சூலை 10-ஆம் நாள் தலைநகர் திரானாவில் ‘புதிய அல்பேனியா’ என்னும் பெயரில் அரசுப் படப்பிடிப்பு நிலையம் திறக்கப்பட்டது. மறு ஆண்டே சோவியத் இயக்குநர் செர்கேய் யூத்கேவிச், அல்பேனிய வீரன் ஸ்கந்தர்பெக்கின் வரலாற்றை இரு நாட்டுக் கூட்டு முயற்சியாகப் படமாக்கினார். அது 1954-இல் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. அல்பேனியர் தாமே எடுத்த முதல் முழுநீளக் கதைப்படம் கிறிஸ்தாக் தாமோ இயக்கிய ‘தானா’. அது 1958-இல் வெளிவந்தது. இவ்வாறு ஒரு சிறு நாட்டின் திரைக்கலை தவழத் தொடங்கிய காலத்தில், ஜான்பிசே அதன் தொகுப்பு மேசையில் அமர்ந்து ஆவணப்படங்களையும் செய்திப்படங்களையும் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் திரைக்குப் பின்னாலேயே உழைத்தார். எதை வைப்பது, எதை நீக்குவது என்பதே படத்தொகுப்பாளரின் தொழில். அவருடைய நாட்டிலோ எதை நீக்குவது என்பதை முடிவு செய்தது கட்சி.

குழந்தைகள் யாருக்கு உரியவர்கள்?

1970-களில் கேக்கோ கதைப்படங்களை இயக்கத் தொடங்கினார். பொதுவுடைமை ஆட்சிக்கால அல்பேனியாவில் கதைப்பட இயக்குநராகப் பெயர் நாட்டிய பெண் அவர் ஒருவரே எனலாம். அவர் தேர்ந்துகொண்ட களம் சிறுவர் திரைப்படம்.

அந்தக் காலத்தின் சூழலை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1967-இல் 2,169 வழிபாட்டிடங்கள் மூடப்பட்டன. அவற்றை மூடுவதற்கு ஏவப்பட்டவர்களுள் பெரும்பாலோர் மாணவர்களும் இளைஞர்களுமே. ஷ்கோதர் நகரின் கத்தோலிக்கப் பேராலயம் விளையாட்டு அரங்கமாக மாற்றப்பட்டது. 1971-இல் ஷ்டியெபென் குர்தி என்னும் முதிய அருட்பணியாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு தாயின் வேண்டுகோளுக்கு இணங்கி அவருடைய குழந்தைக்கு மறைவாகத் திருமுழுக்கு அளித்தார் என்பதே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். ஒரு குழந்தையின் தலையில் ஊற்றிய சிறிதளவு தண்ணீருக்காக ஓர் உயிர்! குழந்தை யாருக்கு உரியது என்ற வினாவுக்கு அந்த அரசு துப்பாக்கியால் விடையளித்தது.

1973-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு மே மாதம் ஸ்பாச் என்னும் சுரங்கச் சிறையில் கைதிகள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது, நால்வர் கொல்லப்பட்டனர். அதற்கு முந்தைய திசம்பரில் நடந்த பாட்டு விழா மேலைநாட்டுச் சாயல் கொண்டிருந்தது எனக் கூறி, 1973 சூனில் கட்சியின் மத்தியக் குழு கலைஞர்கள் மீது பாய்ந்தது. தொலைக்காட்சித் தலைவர் டோதி லுபோன்யாவும் நாடகாசிரியர் பாதில் பாச்ராமியும் பதவியிழந்து, பின்னர் நெடுங்காலம் சிறையில் வாடினர். அதே ஆண்டு ஆகஸ்டில் அன்னை தெரேசாவின் தமக்கை திரானாவில் காலமானார். அவர்களுடைய தாய் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். கொல்கத்தாவின் தெருவோரங்களில் சாகக் கிடந்த எண்ணற்றவரைத் தாங்கிய கரங்களுக்கு, பெற்ற தாயின் கரத்தை இறுதியாகப் பற்றும் வாய்ப்பு மறுக்கப்பட்டது.

அதே 1973-இல்தான் கேக்கோவின் ‘செல்லம் கொடுக்கப்பட்ட மிமோசா’ வெளிவந்தது. அடம்பிடிக்கும் ஒரு சிறுமியைப் பற்றிய எளிய படம். ஒருபுறம் தூக்குமேடை, மறுபுறம் ஒரு சிறுமியின் பிடிவாதம்! இவை இரண்டும் ஒரே நாட்டில், ஒரே ஆண்டில் நிகழ்ந்தன என்பதை நம் உள்ளம் எளிதில் ஏற்க மறுக்கின்றது. ஆனால் வரலாறு அப்படித்தான் நடக்கின்றது. கொடிய அரசுகளின் கீழும் குழந்தைகள் பிறக்கின்றனர். அவர்கள் சிரிக்கவும் அழவும் அடம்பிடிக்கவும் செய்கின்றனர். அவர்களை யாரேனும் கவனிக்க வேண்டியிருக்கின்றது.

பேனியும் தோம்காவும்

1975-இல் வந்த ‘பேனி தானே நடக்கிறான்’ அவருடைய புகழை நிலைநாட்டியது. கதை எழுதியவர் கிச்சோ பிளூஷி. நகரத்துக் குடியிருப்பில் அன்னையின் மிகையான காவலில் வளரும் சிறுவன் பேனி. தூசு படக்கூடாது, குளிர் படக்கூடாது, பிற சிறுவர்களோடு சேரக்கூடாது என்று பொத்திப் பொத்தி வளர்க்கப்பட்ட அவன், தெருவில் இறங்கினால் மற்றவர்களின் கேலிக்கு ஆளாகின்றான். உறவினர் ஒருவர் அவனைத் தம் கிராமத்துக்கு அழைத்துச் செல்கின்றார். அங்கே மண்ணோடும் விலங்குகளோடும் பிற சிறுவர்களோடும் பழகி, அச்சம் நீங்கி, தன் காலில் நிற்கக் கற்றுக்கொள்கின்றான். அவ்வளவே கதை.

இதில் அரசின் கொள்கையும் உண்டு. நகரத்து மென்மையை விடக் கிராமத்து உழைப்பே சிறந்தது என்பது கட்சியின் பாடம். அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் படத்தைப் பார்ப்பவர் நெஞ்சில் நிற்பது கட்சியின் பாடமன்று. அஞ்சிய சிறுவன் ஒருவன் முதன்முறையாக யார் கையையும் பற்றாமல் நடக்கும் காட்சியே. கேக்கோ தம் படங்களில் தொழில்முறை நடிகரல்லாத சிறுவர்களையே நடிக்க வைத்தார். அவர்கள் மனப்பாடம் செய்த வசனத்தை ஒப்பிப்பவர்களாகத் தோன்றுவதில்லை. வெட்கமும் குறும்பும் முகத்தில் மாறிமாறி வர, நம் வீட்டுத் திண்ணையில் விளையாடும் பிள்ளைகளைப் போலவே திரையில் உலவுகின்றனர். முழக்கங்கள் நிறைந்த ஒரு திரையுலகில் இந்த இயல்பே அவர் செய்த பெரும்பணி எனலாம்.

1977-இல் ‘தோம்காவும் அவன் நண்பர்களும்’ வந்தது. நாஷோ யோர்காகியின் கதை. வெள்ளை வீடுகளின் சன்னல்கள் மலைச்சரிவெங்கும் கண்களைப் போல விழித்திருக்கும் பெராத் நகரம் அதன் களம். சிறுவர்கள் பந்து விளையாடும் திடலில் செருமானியப் படை வந்து முகாம் அடிக்கின்றது. விளையாட்டிடத்தை இழந்த தோம்காவும் அவன் தோழர்களும், மறைந்திருந்து போரிடும் விடுதலைப் படையினருக்குத் தம்மால் இயன்ற உதவியைச் செய்யத் துணிகின்றனர். போரைப் பற்றிய அல்பேனியப் படங்கள் எத்தனையோ உண்டு. அவற்றுள் பல இன்று மறக்கப்பட்டுவிட்டன. இதுவோ வாழ்கின்றது. காரணம், இதில் போர் தொடங்குவது ஒரு விளையாட்டுத் திடலின் இழப்பிலிருந்து. நாட்டுரிமை என்றால் என்ன என்பதைச் சிறுவனுக்கு எந்தத் தத்துவமும் விளக்க வேண்டியதில்லை. அவன் திடலைப் பறித்தால் போதும்.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. தோம்காவின் படம் எடுக்கப்பட்ட அதே காலத்தில், எதிரிகள் எந்நேரமும் படையெடுப்பார்கள் என்ற அச்சத்தில், ஹோஜாவின் அரசு நாடெங்கும் கான்கிரீட் பதுங்கு அரண்களைக் கட்டிக்கொண்டிருந்தது. வயல்களிலும் கடற்கரைகளிலும் மலைச்சரிவுகளிலும் முளைத்த அவற்றின் எண்ணிக்கை ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியது. அந்நியப் படை சிறுவர்களின் திடலைப் பறித்த கதையைத் திரையில் பார்த்த பிள்ளைகள், வீட்டுக்குத் திரும்பும் வழியில் தம் நாட்டு அரசே தங்கள் வயல்களில் நட்டுவைத்த அரண்களைக் கடந்து சென்றிருப்பர். இயக்குநர் இதனை எண்ணித்தான் எடுத்தார் என்று நாம் கூறவில்லை. அப்படிக் கூறுவது அவருக்கு இல்லாத வீரத்தை அவர்மேல் ஏற்றுவதாகும். உண்மையாக எடுக்கப்பட்ட கலை, எடுத்தவர் எண்ணாததையும் சில வேளைகளில் சொல்லிவிடுகின்றது என்பதே நாம் கூற விழைவது.

பெயர்களில் ஒரு வரலாறு

பேனியின் படம் வந்த அதே 1975-ஆம் ஆண்டில் அல்பேனிய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அரசியல், கொள்கை, ஒழுக்கம் ஆகிய நோக்கில் பொருந்தாத பெயர்களைக் குடிமக்கள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். புனிதர்களின் பெயர்களும் சமயம் சார்ந்த பிற பெயர்களும் விலக்கப்பட்டு, பண்டைய இல்லிரிய இனத்தாரின் பெயர்கள் ஊக்குவிக்கப்பட்டன. 1984-இல் கேக்கோ எடுத்த படத்தின் பெயர் ‘டவுலாண்ட் ஓர் உடன்பிறந்தாளைத் தேடுகிறான்’. டவுலாண்டி என்பது பண்டைய இல்லிரியக் குடிகளுள் ஒன்றின் பெயர். புனிதர்களை மறக்கச் செய்யும் பொருட்டு அரசு அகழ்ந்தெடுத்த பெயர்களின் வகையைச் சேர்ந்தது அது.

ஆனால் வரலாறு அவ்வளவு எளிதில் அழிவதன்று. இல்லிரிக்கம் வரை நற்செய்தியை அறிவித்ததாகப் புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் குறிப்பிடுகின்றார். திருத்தூதரின் நினைவை அழிக்கத் தேடி எடுத்த சொல்லே திருத்தூதரின் மடலில் பதிந்திருந்தது! மேலும், கேக்கோ இணையரின் மகன் 1958-இல் பிறந்தபோது அவருக்குச் சூட்டப்பட்ட பெயர் தியோடர். கிரேக்க மொழியில் ‘கடவுளின் கொடை’ என்று பொருள்படும் பெயர் அது. பின்னாளில் அவர் தம் நாட்டில் அறியப்பட்ட எழுத்தாளரானார். 2002-இல், தாய்க்கு முன்னரே, அவர் மறைந்தார். நாட்டின் குழந்தைகள் அனைவருக்கும் படமெடுத்த தாய், தம் மகனை இழந்து ஐந்தாண்டுகள் வாழ்ந்து, 2007 திசம்பர் 22-ஆம் நாள், தம் 79-ஆம் வயதில் கண்மூடினார்.

அழிப்பதா, வைப்பதா?

1985-இல் ஹோஜா இறந்தார். 1990 நவம்பரில் ஷ்கோதர் கல்லறைத் தோட்டத்தில், இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், மக்கள் கூடிய திருப்பலி வெளிப்படையாக நிறைவேற்றப்பட்டது. 1993 ஏப்ரல் 25-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், விளையாட்டு அரங்கமாக இருந்து மீண்டும் இறைவனின் இல்லமான அதே பேராலயத்தில், நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்தினார். 2016 நவம்பர் 5-ஆம் நாள் அருட்பணியாளர் குர்தி உள்ளிட்ட 38 இரத்தசாட்சிகள் அருளாளர்களாக அறிவிக்கப்பட்டனர்.

அரசுப் படப்பிடிப்பு நிலையமோ ஆட்சியோடு சேர்ந்து சரிந்தது. ஆண்டுக்குப் பதினான்கு படங்கள் வரை எடுத்த நிலையம் அது. எஞ்சிய படச்சுருள்கள் காப்பகத்தில் மெல்ல மெல்லச் சிதைந்தன. பழைய சுருள்கள் கெடும்போது புளிக்காடியின் நெடி வீசும். அந்த நெடி எழுந்தால் அவை நெடுநாள் தாங்கா என்பது பொருள். 2010-களில் ஆர்வலர் சிலர் முயன்று மீட்டெடுத்த படங்களுள் தோம்காவின் படமும் ஒன்று.

இதற்கிடையே வேறொரு குரலும் எழுந்தது. பொதுவுடைமை ஆட்சிக்காலக் குற்றங்களை ஆராயும் நிறுவனம் ஒன்று, அக்காலத்துப் படங்களைத் தொலைக்காட்சியில் காட்டுவதைத் தடுக்க வேண்டும் என 2017-இல் வலியுறுத்தியது. அந்தப் படங்கள் பொய்யைப் பரப்பின, கொடுமையை மறைத்தன, இளம் உள்ளங்களை நஞ்சூட்டின என்பது அதன் வாதம். மக்களுள் பலர் அதனை ஏற்கவில்லை.

இருதரப்பையும் நாம் மதிக்க வேண்டும். தந்தையைச் சுரங்கச் சிறையில் இழந்த ஒருவர், அக்காலத்துச் சிறுவர் படத்தைப் பார்த்து மகிழும் அயலாரைக் கண்டு மனம் வெதும்பினால், அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. நாமும் குருவானவர், தோம்காவின் படத்தைப் பார்த்து முடித்தபின் நமக்கும் உறக்கம் வரவில்லை. இந்தச் சிறுவர்கள் சிரித்துக்கொண்டிருந்த ஆண்டில் எத்தனை குருக்கள் இருட்டறையில் மனப்பாடமாகத் திருப்பலி வேண்டுதல்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்ற எண்ணம் நம்மை வாட்டியது. அந்தச் சிரிப்பை ஏற்றுக்கொண்டால் அந்த இருட்டறையை மறந்தவர்களாவோமோ என அஞ்சினோம்.

ஆயினும், வயலில் முளைத்த களைகளைப் பிடுங்கட்டுமா என்று கேட்ட பணியாளர்களிடம், வேண்டாம், கோதுமையும் சேர்ந்து பறிக்கப்படும் என்று கூறிய உரிமையாளரை நாம் அறிவோம். அந்த உவமையை நாம் பெரும்பாலும் மனிதர்களைப் பற்றியதாகவே விளக்குகின்றோம்: நல்லோர் ஒருபுறம், தீயோர் மறுபுறம். ஆனால் ஒரே மனிதரின் வாழ்விலும், ஒரே படச்சுருளிலும்கூட, கோதுமையும் களையும் வேர்பின்னி வளர்கின்றன அல்லவா? கேக்கோ இரத்தசாட்சி அல்லர். அரசை எதிர்த்துக் குரல் கொடுத்தவருமல்லர். அரசு கொடுத்த படப்பெட்டியைக் கொண்டு, அரசு ஏற்ற கதைகளையே எடுத்தார். அவருடைய படங்கள் சிறுவர்களுக்குப் போரைப் புகழ்ந்து காட்டியதும் உண்டு. இவை களைகள். ஆனால் குழந்தையைக் கொள்கையின் கருவியாக மட்டுமே பார்த்த ஒரு காலத்தில், அவர் குழந்தையைக் குழந்தையாகவே பார்த்தார். அதன் அச்சத்தையும் தனிமையையும் நட்பையும் பொருட்படுத்தினார். இது கோதுமை. 1967-இல் ஆலயக் கதவுகளை அடைத்தவர்களும், இது மக்களைக் கெடுக்கும் நஞ்சு என்று கூறியே அடைத்தனர் என்பதை மறத்தலாகாது. தடுப்பதைவிட, அருகில் அமர்ந்து உண்மையைச் சொல்லிக்கொடுப்பது கடினம். ஆனால் அதுவே வழி. பேரப்பிள்ளையோடு படத்தைப் பார்க்கும் பாட்டனார், படம் முடிந்தபின், ‘இந்த ஆண்டில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா?’ என்று தொடங்கினால், அந்தப் படம் வேறொரு பாடமாகிவிடும்.

இறுதியாக ஒரு சிறு கணக்கு. 1975-இல் எட்டு வயதில் பேனியின் படத்தைப் பார்த்த ஒரு பிள்ளைக்கு 1990-இல் வயது இருபத்து மூன்று. அவ்வாண்டு திசம்பர் 8-ஆம் நாள், அமல உற்பவத் திருநாளன்று, திரானா பல்கலைக்கழக மாணவர்கள் தெருவில் இறங்கினர். மூன்றே நாள்களில் ஒரு கட்சி ஆட்சி முடிவுக்கு வர இசைந்தது. ஒரு திரைப்படம் ஓர் ஆட்சியைக் கவிழ்த்தது என்று கூறும் அளவுக்கு நாம் அறியாதவர்கள் அல்லோம். பசியும் அடிமைத்தனமும் மறைசாட்சிகளின் குருதியும் செய்த வேலை அது. ஆனால் அன்று அச்சமின்றி நடந்த இளைஞருள் பலர், யார் கையையும் பற்றாமல் நடக்கக் கற்ற ஒரு சிறுவனைத் தம் இளமையில் திரையில் கண்டவர்கள் என்பதும் உண்மையே.